கலியாணக் காரில் ஹீட் ஷீல்ட் கழற்றியது

பேசாலைக்கு வெளியே அந்தக் கலியாண வீட்டு முற்றத்தில் நின்றவர்கள்: மணப்பெண் மெற்றில்டா, வெள்ளை உடுப்போடு. தகப்பன் மரியான், தண்ணி வாளியோடு. தாய் திரேசம்மா. தாய்மாமன் சூசை, கார் அவருடையது, தலைமன்னாரிலிருந்து ஓட்டி வந்தவரும் அவர்தான். கடைசியாக நான், கராஜ்காரன், ஸ்பானர்ப் பெட்டியோடு.

போர் முடிந்து எங்கள் தீவுக்குப் புது ரோட்டு போட்ட பிறகு நடந்தது. டர்போ கார்கள் அப்போதுதான் தீவுக்குள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருந்தன. இந்தக் காரில் பொனற் மூடி இடுக்கால் புகை வந்தது. சனமெல்லாம் பஸ்ஸில் முன்னுக்குப் போய்விட்டது. கோயில் நடக்கிற தூரமில்லை. நான்கு மணிக்குப் பூசை. அது முடிய சுவாமியார் அடம்பன் பக்கம் ஒரு சவ அடக்கத்துக்குப் போக வேண்டும். பிந்தினால் அன்றைக்குக் கலியாணம் இல்லை.

"என்ர பிள்ளையை நெருப்புக்குள்ள ஏத்தமாட்டன்" என்று மரியான் வாளியைத் தூக்கினார்.

"ஊத்தாதேங்கோ அண்ணை. சூட்டில தண்ணி பட்டா மனிபோல்ட் வெடிக்கும். பிறகு நடைதான்" என்றேன்.

"இந்தச் சப்பாத்தோட நான் நடக்கமாட்டன்" என்றாள் மெற்றில்டா.

"வயர் ஏதும் சுட்டிருக்கும்" என்றார் சூசை. சொல்லிவிட்டு வேலிப் பக்கம் பார்த்தார்.

டர்போவில் எண்ணெய் ஒழுகி எரிகிறது என்று நான் நினைத்தேன். பார்க்க வேண்டுமென்றால் ஹீட் ஷீல்டைக் கழற்ற வேண்டும். எஞ்சின் புகை வெளியேறும் குழாயான மனிபோல்டின் சூடு பக்கத்து வயர்களில் படாமல் மூடியிருக்கும் தகரம் அது. நான்கு போல்ட். கடற்காற்றில் நான்கும் துருவேறி இறுகியிருந்தன. அவசரப்பட்டுத் திருகினால் முறியும்.

"அக்கா, மெழுகுதிரி இருக்கோ?"

"அந்தோனியாருக்கு ஏத்தினது இருக்கு. இப்ப செபிக்கப் போறியளோ?"

"போல்ட்டுக்கு."

திரேசம்மா அந்தோனியார் படத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு, திரியை அணைத்துத் தந்தார்.

சூட்டுப் போல்ட்டில் மெழுகைப் பிடித்தால் உருகிப் புரிக்குள் இறங்கும். முதலில் கொஞ்சம் இறுக்க வேண்டும், பிறகுதான் இளக்க வேண்டும். மூன்று வந்துவிட்டது. நான்காவதின் தலை தேய்ந்து வழுக்கியது. ஒரு அளவு சின்னச் சொக்கற் ஸ்பானரைச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருகினேன். டக் என்றது. முறியவில்லை, இளகியிருந்தது.

தகரத்தைத் தூக்கினேன். டர்போவோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஈயத்தாள் பாசல், கருகினபடி. ஸ்குரூ டிரைவரால் பிரித்தேன். கணவாய் மீன்.

"மச்சான், இது என்ன?" என்றார் மரியான்.

"கணவாய்தான்" என்றார் சூசை. "வெளிக்கிடேக்க தகரத்துக்கு மேல வச்சனான். இஞ்ச வர வெந்திரும். எப்பவும் அப்பிடித்தான் செய்யிறனான். இண்டைக்கு உள்ளுக்க விழுந்திட்டுது." பிறகு, "கலியாண வீட்டில சாப்பாடு பிந்தும்தானே" என்றார்.

"இதுக்கு நான் அந்தோனியாரை இருட்டில விட்டிட்டன்" என்றார் திரேசம்மா.

மெற்றில்டா குனிந்து பார்த்தாள். "உப்புப் போட்டனீங்களோ மாமா?"

"ஓம். மிளகும்."

அவள்தான் முதலில் சிரித்தாள். நிற்க முடியாமல் கதவைப் பிடித்தாள். மரியான் வாளியை வைத்துவிட்டு, சிரித்தபடி நிலத்தில் குந்தினார். என் கையிலிருந்த ஸ்பானர் விழுந்தது.

"தகரம் வேண்டாம், போவம்" என்றார் சூசை. நான் விடவில்லை. ஷீல்ட் இல்லாமல் ஓடினால் உண்மையாகவே வயர் எரியும். சுரண்டக்கூடியதைச் சுரண்டி, திருப்பிப் பூட்டினேன். ஒட்டியிருந்த மிச்சம் மணத்தது. நல்ல மணம்தான்.

கராஜுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இது: ஸ்பானரை எடுக்க முதல் ஓட்டி வந்தவரைக் கேளுங்கள். முதல் தரம் சொல்லமாட்டார். இன்னொரு தரம் கேளுங்கள்.

மணி அடிக்கும்போது கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற சுவாமி மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. காருக்குப் பின்னால் பார்த்தார். நானும் இறங்கி எண்ணினேன்.

நாய் ஒன்பது.