கால்குலேட்டருக்கு வைத்த சந்தனம்

என் கால்குலேட்டரை யாரும் இரவல் கேட்க மாட்டார்கள். கேட்டவர்களும் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதில் சமக்குறி கிடையாது. இரண்டும் மூன்றும் கூட்ட வேண்டுமென்றால் இரண்டைத் தட்டி, 'என்டர்' அழுத்தி, மூன்றைத் தட்டி, கடைசியில்தான் கூட்டல் குறியைத் தொட வேண்டும். கப்பலில் வேலை பார்த்த மாமா, அக்காவைக் கட்டுவதற்கு முன்பே ஏதோ துறைமுகத்தில் வாங்கியது. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் என் தலையில் கட்டிவிட்டார். சைன், காஸ், டேன், பை எல்லாம் உண்டு. விடை சிவப்பாக எரியும். ஆனால் வயரைச் செருகினால்தான் உயிர் வரும்.

1991-ல் அதைப் பையில் போட்டுக்கொண்டு சேரப்பணஞ்சேரியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு டிரெய்னியாகப் போனேன். அச்சுகளும் கருவிகளும் செய்கிற டூல் ரூமில் நான் ஒருத்திதான் பெண். ஃபிட்டர் அண்ணன் ஒருவருடைய பெஞ்சின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, வயரைச் செருக டிரில்லிங் மெஷின் பக்கம் ஓடுவேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். டூல் ரூமில் நைட் ஷிப்ட் உண்டு, பெண்களுக்கு அது கிடையாது என்பதால் டிரெய்னிங் முடிந்ததும் என்னை அசெம்பிளி லைனுக்கு அனுப்பிவிட நினைத்தார். நாளெல்லாம் ஸ்குரூ முடுக்குவதா? எனக்கு டூல் ரூம்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம். கெஞ்சியதில், "ஆயுத பூஜை முடியட்டும்மா. மறுநாள் ஒரு ஆங்கிள் செட் பண்ணிக் காட்டு, பாக்கலாம்" என்றார்.

பூஜையன்று எல்லா மெஷினுக்கும் அவரே சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். என் கால்குலேட்டரையும் பூஜைக்கு வைத்திருந்தேன். அதற்கு நெற்றி எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தவர், எண்கள் எரியும் கண்ணாடிக்குக் கீழே, குட்டி ஸ்விட்ச் இரண்டு இருக்கிற இடத்தில் தாராளமாக அப்பினார்.

மறுநாள் அது காய்ந்து கல்லாகியிருந்தது. ஆன் செய்யும் ஸ்விட்சை மட்டும் நகத்தால் சுரண்டி விடுவித்தேன். பூஜைச் சந்தனத்தை முழுக்கத் துடைக்க மனசு வரவில்லை. அதுவும் டெஸ்ட் நாளில்!

இருபது டிகிரி கேட்டார். நூறு மில்லிமீட்டர் நீள இரும்புப் பட்டை ஒன்றின் ஒரு முனைக்கு அடியில் அளவுக் கட்டைகளை அடுக்கி, பட்டையைச் சரியான சாய்வில் நிறுத்த வேண்டும். எவ்வளவு உயரம் என்று, நூறால் பெருக்கிய சைன் சொல்லும். தட்டினேன். தொண்ணூற்றொரு மில்லிமீட்டர் சொச்சம். அப்படியே அடுக்கினேன்.

ஃபிட்டர் அண்ணன் சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது, இருபது டிகிரி தென்ன மரம் ஏறிகினு கீது?"

எனக்கு அழுகை முட்டியது. லைனும் ஸ்குரூவும் கண்முன் ஓடின. அப்போதுதான் இரண்டாவது ஸ்விட்சைப் பார்த்தேன். கோணம் டிகிரியிலா ரேடியனிலா என்று சொல்லும் ஸ்விட்ச். சந்தனம் அப்பிய விரல் அதை ரேடியன் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது. அங்கேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

நகத்தைக் கொண்டுபோனேன். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். அவர் வைத்த சந்தனத்தை அவர் கண்ணெதிரிலேயே சுரண்டுவதா? விட்டுவிட்டேன். இருபது, என்டர், பை, பெருக்கல், நூற்றெண்பது, வகுத்தல், அப்புறம் சைன், நூறு, பெருக்கல். டிகிரியை நானே ரேடியனாக மாற்றிக் கொடுத்ததும் முப்பத்து நாலு மில்லிமீட்டர் சொச்சம் என்றது. கட்டைகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

அவர் அளந்து பார்த்தார். இருபது டிகிரி.

"மொதல்ல ஏம்மா தப்பா வந்துச்சு?"

ஸ்விட்சைக் காட்டினேன்.

"துடைச்சிட வேண்டியதுதானே?"

"நீங்க வெச்ச சந்தனம் சார்."

அவர் கால்குலேட்டரை வாங்கி என்னவோ தட்டிவிட்டு, பட்டன்களை மேலும் கீழும் தேடினார். "ஈக்குவல் எங்கம்மா?"

"கிடையாது சார்."

"அப்ப உன்னை விட்டா இதுல யாரும் கணக்குப் போட முடியாதா?"

"முடியாது சார்."

கால்குலேட்டரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டார். "எலக்ட்ரீஷியன வரச் சொல்லுப்பா. இந்தப் பொண்ணு பெஞ்சுல ஒரு பிளக் பாயின்ட் போடணும்."

அதுவரை டூல் ரூமில் எனக்கென்று ஒரு பெஞ்ச் இருந்ததில்லை.