ரோமம் இல்லாத இலை

இமயமலைப் பாறைகளில் வளரும் பாஷாணபேதி மூலிகைச் செடியில் இலை முழுக்க ரோமம் இருந்தால் ஓர் இனம், விளிம்பில் மட்டும் இருந்தால் வேறோர் இனம் என்று என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். பெங்களூரில் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள், தொட்டியிலிருந்த ரோமச் செடி நடுவில் வழவழவென்று, விளிம்பில் மட்டும் ரோமத்தோடு ஒரு புது இலை விட்டிருந்தது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா?

"பேசாம கிள்ளிப் போட்டுடுடி. வைவா முடியட்டும், யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் அறைத்தோழி மீனா. காம்பைப் பிடித்தும்விட்டேன். கிள்ள மனம் வரவில்லை.

மறுநாள் ஆஸ்டின் டவுனிலிருந்து ஆட்டோவில், தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தேர்வாளர் அந்த இலையைத் தடவிப் பார்த்தார்.

"இதையும் சேர்த்துத் திருத்தி எழுதிட்டு வாங்கம்மா" என்றார்.

பட்டம் தள்ளிப்போனது. கிள்ளியிருந்தால், யாராவது டாக்டர் என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கூசியிருக்கும்.