கொட்டாவிக்காரி

கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கறுப்பு நாய் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இவளோ அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறாள். லேசுப்பட்ட கொட்டாவி இல்லை. தாடை கழன்று மடியில் விழுந்துவிடுமோ என்று பார்க்கிறவர்களுக்குப் பயம் வரும். பிறகு சுவரைப் பார்க்கிறாள். பிறகு தன் கால் நகத்தைப் பார்க்கிறாள். நாயைக் கூட்டிவந்த அம்மாள் வாசலில் நிற்கும் இவள் வீட்டுக்காரரிடம், "ஏங்க, இவங்களுக்கு வேலை தெரியுமா? தூங்கி வழியறாங்களே" என்று கேட்கிறாள். அவர் பதில் சொல்வதற்குள் தும்மல் வந்துவிடுகிறது. நாய் முடி அவருக்கு ஆகாது. ஆனாலும் வருகிற நாய்களை எல்லாம் வாசலில் நின்று வரவேற்பவர் அவர்தான்.

சற்றுப் பொறுத்துக் கறுப்பு நாயும் ஒரு கொட்டாவி விட்டது. மெல்ல நடந்துவந்து இவள் தோளை மோந்தது. "வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் இவள், அப்போதும் திரும்பிப் பார்க்காமல்.

என் சித்தப்பா மகள் இவள். எனக்குத் தங்கை முறை. சித்தப்பாவுக்கு நான்கும் பெண்கள். மூத்தவள் பேசினால் தெருமுனைவரை கேட்கும். இரண்டாமவள் அழுதே காரியத்தைச் சாதிப்பாள். கடைக்குட்டி எல்லோருக்கும் செல்லம். மூன்றாவதாக வந்த இவளுக்கு மிஞ்சியது சும்மா இருப்பதுதான். சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டுக் கத்த ஆரம்பித்தால் மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவார்கள். இவள் மட்டும் அந்த இடத்திலேயே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் தொழிலுக்கு இவள் போனபோது குடும்பமே சிரித்தது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "அவளுக்கு அதுங்கதான் சரி" என்றார். திட்டினாரா மெச்சினாரா என்று இன்றுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை.

"முகத்தைத் திருப்பிக்கிட்டு கொட்டாவி விட்டா, உன் வம்புக்கு நான் வரலைன்னு அர்த்தம் அண்ணே. நாய்ங்க அப்படித்தான் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும். மனுஷங்ககிட்டத்தான் அது எடுபட மாட்டேங்குது" என்பாள். எடுபடத்தான் இல்லை. இவள் மகளுக்குக் கல்யாணம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஏதோ ஒரு பேச்சில் குரலை உயர்த்தினார். இவளுக்குப் பழக்கதோஷம். பக்கவாட்டில் திரும்பி, வாயைக்கூட மூடாமல் ஒரு கொட்டாவி விட்டாள். கல்யாணம் நடந்து, பேத்தி பிறந்து, அது எழுந்து நிற்கவும் ஆரம்பித்துவிட்டது. சம்பந்தி இன்னும் மருமகளிடம், "உங்கம்மா முழிச்சிட்டிருக்காங்களா?" என்றுதான் விசாரிப்பார்.

கடையில் ரப்பர் விரித்த ஒரு மேசை, ஒரு தொட்டி, ஈரம் உலர்த்த ஓர் ஊதி. மேசையில் ஏற்றியதும் கத்தரியைத் தொடமாட்டாள். முதலில் காதை மோந்துபார்ப்பாள். உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்ப்பாள். அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். "காது நாறினா சென்ட்டு பூசி அனுப்புறது என் வேலையில்ல. டாக்டர்கிட்ட அனுப்புறதுதான் என் வேலை." பூனைகளுக்குத் தனி நாள்; அன்றைக்கு நாய் வாசனையே இருக்கக்கூடாது என்று தரையைக் கழுவிவிடுவாள். கூடையிலிருந்து பூனையை இழுக்கமாட்டாள். மேல்மூடியைக் கழற்றித் துண்டைப் போர்த்தி, துண்டும் பூனையுமாக ஒரு மூட்டையாய்த் தூக்குவாள். கிளம்புகிறவர்களிடம் 'போய்ட்டு வாங்க' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. "உடம்பு சுடுதுன்னு நம்ம மாத்திரையைக் கொடுத்துடாதீங்க, பூனை செத்துடும்" என்பாள். என் வீட்டில் பூனையும் இல்லை, நாயும் இல்லை. என்னோடு போனில் பேசி முடிக்கும்போதும் அதைச் சொல்லித்தான் வைப்பாள்.

மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர். தங்கமான மனுஷன். கல்யாணத்துக்கு முன்பே செம்பட்டை நிறத்தில் ஒரு நாயைக் குட்டியிலிருந்து வளர்த்துவந்தார். "இவன்தான் எங்க மூத்தவன்" என்பார். அதுவே பெயராகிவிட்டது. குழந்தை பிறந்த பிறகும் நாய்தான் மூத்தவன்.

ஒருமுறை பேத்தியைப் பார்க்க இவளும் நானும் போயிருந்தோம். மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார்: "தொட்டில் பக்கம் யாரு வந்தாலும் உறுமிட்டிருந்தான் அத்தை. பழக்கிட்டேன். இப்ப ஒரு சத்தம் வராது. பாருங்க." ஆள்காட்டி விரலைத் தூக்கி, "ஸ்ஸ்" என்றார். மூத்தவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். இவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

கீழே இறங்கி வரும்போது, "எனக்கு அது பிடிக்கல அண்ணே" என்றாள்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"மாப்பிள்ளைகிட்டயா? கொட்டாவி விட்டதுக்கே இன்னும் பேச்சு வாங்கிட்டிருக்கேன்."

அதற்கடுத்த தடவை போனபோது ஒரு விடுமுறைநாள் மத்தியானம். காப்பி கொடுத்திருந்தார்கள். இவள் சோபாவில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் மாப்பிள்ளை. வாசல் கதவை ஒட்டிப் போட்ட நாற்காலியில் நான். சோபாவின் மறுமுனைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் ஒரு பாய். பாயில் மூத்தவன். வெயிலுக்கு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். குழந்தை சோபாவின் விளிம்பைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய், அந்தச் சந்தின் வாயில் தொப்பென்று உட்கார்ந்தது. மூத்தவனின் இடது காதை எட்டிப் பிடித்தது.

அறையில் ஒரு சத்தம் நின்றுபோனது. எது நின்றது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. மூத்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். அவன் மூச்சிரைப்புதான் நின்றிருக்கிறது.

"பாருங்க அத்தை, வாலாட்டுறான்! என்ன பாசம்!" என்று மாப்பிள்ளை படம் எடுக்கப் போனைத் தூக்கினார். வாலின் நுனி ஆடியது உண்மைதான். ஆனால் நுனி மட்டும் ஆடியது. மற்ற உடம்பு பலகைபோலக் கிடந்தது. தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க, கண் மட்டும் குழந்தைமேல் இருந்தது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது.

இவள் காப்பித் தம்ளரைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டாள். குரல் மட்டும் தாலாட்டுப்போல வந்தது. "யாரும் எழுந்திருக்காதீங்க. மாப்பிள்ளை, போனை மடியில வைங்க. விரலைத் தூக்காதீங்க."

மகளுக்குப் புரிந்துவிட்டது. பதறி எழப் போனாள். இவள் அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். "நீ ஓடினா அவனுக்கு வேற வழியிருக்காதுடி. பின்னால சுவரு, முன்னால உன் பொண்ணு. உட்காரு."

சோபாவிலிருந்து தரைக்கு வழுக்கி இறங்கினாள். மூத்தவனுக்குத் தோளைக் காட்டி, ஜன்னலைப் பார்த்தபடி கொட்டாவி விட்டாள். நான் எத்தனையோ முறை பார்த்த கொட்டாவிதான். அன்றைக்கு அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

மூத்தவன் மூக்கை ஒருமுறை நக்கிக்கொண்டான். குழந்தை சிரித்துக்கொண்டே காதை இன்னும் இழுத்தது. அவனுடைய மேலுதடு ஒரு மூலையில் சற்றே மேலேறியது. சத்தம் இல்லை. துளி சத்தம் இல்லை.

"அண்ணே, உங்க தலைக்கு மேல அவன் சங்கிலி மாட்டியிருக்கு. எடுத்துக் குலுக்குங்க. வெளியே கூட்டிட்டுப் போறமாதிரி கதவைத் திறங்க. அவனைப் பார்க்காதீங்க, வெளியே பாருங்க."

சங்கிலியை எடுத்தேன். இரண்டு முறை குலுக்கினேன். கதவைத் திறந்து வெளியே பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்பது இருக்கிறதே, அதை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

எவர்சில்வர் தம்ளர் ஒன்று தரையில் சுழலும் சத்தம் கேட்டது. மகள் குடித்துவைத்த காலித் தம்ளரை இவள் பம்பரம் மாதிரிச் சுற்றிவிட்டிருக்கிறாள். பொறுக்கமுடியாமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். குழந்தை காதை விட்டுவிட்டுத் தம்ளரைப் பார்த்துத் தவழ்ந்தது. சந்து திறந்தது. மூத்தவன் எழுந்தான். குழந்தைமேல் ஒரு முடிகூடப் படாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு விலகி, நேரே என் காலடிக்கு வந்து நின்றான். 

மகள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன அத்தை இது, ஒண்ணுமே நடக்கலையே! அவன் உறுமக்கூட இல்லையே!"

"உறுமியிருந்தா நான் காப்பியைக் குடிச்சு முடிச்சிருப்பேன் மாப்பிள்ளை."

அவர் முழித்தார். இவள் இன்னும் தரையில்தான் இருந்தாள். முகத்தைத் திருப்பவும் இல்லை, கொட்டாவி விடவும் இல்லை. மாப்பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தாள். "லிஃப்ட்ல பாரம் கூடிப்போனா கூவுமே, அந்த ஒயரை வெட்டிவிட்டா பாரம் குறைஞ்சிடுமா?"

மாப்பிள்ளை மடியிலிருந்த போனை எடுத்து ஓரமாக வைத்தார். "பயந்துதான் அத்தை அப்படிப் பண்ணேன். குழந்தை இருக்கிற வீட்ல உறுமுற நாய் எதுக்குன்னு அப்பா கேட்டாரு. பக்கத்து வீட்லயும் முணுமுணுத்தாங்க. சத்தம் நின்னா அவனை வச்சுக்கலாம்னு நினைச்சேன்."

"அவன் வேண்டாம்மா" என்றாள் மகள். "எங்கயாவது விட்டுடுங்க. என்னால முடியாது."

மாப்பிள்ளை கதவருகே வந்து மூத்தவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.  இவள் மெல்ல எழுந்து வந்து, நாய்க்குப் பக்கவாட்டில் குந்தி, தானாக அவன் தலையை நீட்டும்வரை இருந்து, இடது காதை மோந்தாள். முகம் சுருங்கியது. "அழுகின வாடை. புள்ள புண்ணைப் பிடிச்சு இழுத்திருக்கா. நமக்குக் காதுவலின்னா கட்டினவங்க மேலயே எரிஞ்சு விழறோம். இவன் வாயையும் கட்டிப்போட்டாச்சு, பாவம்."

அன்றைக்கே மருத்துவரிடம் போனார்கள். காதுக்குள்ளே ஆழத்தில் சீழ் வைத்திருந்தது. சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்தார். மகள் ஒரு நிபந்தனை போட்டாள்: காது ஆறுகிறவரைக்கும் பொறுப்பேன், அதற்குள் இவன் சத்தம் காட்டப் பழகவில்லை என்றால் அனுப்பிவிட வேண்டும். இவள் மகளுக்காகப் பேசவும் இல்லை, நாய்க்காகப் பேசவும் இல்லை. "நியாயம்தான். அவன் மறுபடி உறுமணும். அதுவரைக்கும் புள்ளையும் அவனும் ஒரே தரையில இருக்கக்கூடாது. உறுமினதுக்கு அப்புறமும் தனியா விடக்கூடாது" என்றாள். மாப்பிள்ளை சமையலறை வாசலுக்கு ஒரு மரத் தடுப்பு செய்து போட்டார். பாயைச் சந்திலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் போக வழியிருக்கும் இடத்தில் விரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்: "போன தடவையே சொல்லியிருக்கணும் அண்ணே. எனக்கும் சின்ன வயசுல யாரோ விரலைத் தூக்கிக் காட்டியிருக்காங்க போல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பாவின் விரல் ஞாபகத்துக்கு வந்தது.

மருந்து விடத் தினமும் இவளே போனாள். நாளுக்கு நாள் காது ஆறிக்கொண்டே வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. சொட்டு விழும்போது மூத்தவன் பலகையாக இறுகிக் கிடப்பான். மகள் தடுப்புக்கு அப்பால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். மருந்துப் புட்டியில் அடிமட்டம்தான் மிச்சம் என்று தெரிந்த அன்று நானும் போயிருந்தேன்.

மூத்தவன் பாயில் படுத்திருந்தான். ஒரு பக்கம் இவள், ஜன்னலைப் பார்த்தபடி. மறுபக்கம் மாப்பிள்ளை. இவள் கை காதை நோக்கிப் போயிற்று. தொடவில்லை, தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது தரைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது. மெதுவாக, கரகரவென்று, பழகாத தொண்டையிலிருந்து.

தடுப்புக்கு அப்பால் மகள் மூச்சை இழுத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் ஆள்காட்டி விரல் அவரை அறியாமல் மேலே எழுந்தது.

இவள் காதுப் பக்கம் போன கையை உடனே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலேயே, மற்றக் கையை நீட்டி மாப்பிள்ளையின் விரலைப் பிடித்தாள். அந்த உறுமல் முழுக்க வந்து, தேய்ந்து, தானாக அடங்கும்வரை அந்த விரலை விடவில்லை.