படிக்கு ஒரு வாக்கியம்

புகுமுக வகுப்பில் சேர்ந்த அன்றே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் திருத்தணியில் இவ்வளவு நேராகக் கோடு போட்ட நோட்டு வேறு இருந்திருக்காது. ஒவ்வொரு நாளின் அடியிலும் 'தன்னாய்வு' என்று ஒரு பத்தி. அதில் என் குறைகளை நானே கண்டுபிடித்து, நானே மன்னித்து, பத்துக்கு மதிப்பெண்ணும் போட்டுக்கொள்வேன். ஏழுக்குக் கீழே ஒருநாளும் இறங்கியதில்லை.

இவ்வளவு ஒழுங்குக்கும் காரணம் பயம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். கொஞ்சம் நிலம், ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு வைத்து விவசாயம் செய்தவர். கல்லூரியில் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: "காலாண்டுப் பரிச்சையில தேறணும். இல்லன்னா அரக்கோணத்துல தண்டவாளம் சரி பண்ற ரயில்வே கலாசி வேலைக்கு ஆள் எடுக்குறாங்க, போய் நின்னுக்கோ."

எனக்குக் கல்லூரியை விட மனமில்லை. படிப்பின் மேல் ஆசை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு சட்டைப்பையில் பேனாவோடு நடப்பது பிடித்திருந்தது.

பள்ளியில் எல்லாம் தமிழில் படித்தவன். இங்கே ஆங்கிலத்தில் நோட்ஸ் சொல்வார்கள், எழுதிக்கொள்வோம். எழுதியதில் பாதி புரியவில்லை. அதை நான் ஒரு குறையாகவே எண்ணவில்லை. மனப்பாடம் செய்ய நல்ல முறை ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். முறை வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. மலைக்கோயில் படிகள் முந்நூற்று அறுபத்தைந்து. பௌதிகத்தில் வெப்பம் பற்றிய நோட்ஸ் முந்நூற்றுப் பதினோரு வாக்கியம். படிக்கு ஒன்று. பிழையில்லாமல் சொன்னால்தான் அடுத்த படியில் கால் வைப்பேன். மீதி ஐம்பத்து நான்கு படிகளைத் திருப்புதலுக்கு ஒதுக்கினேன்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் இதற்கு இடைஞ்சல் வந்தது. படிதோறும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே ஓர் அம்மாள் எனக்கு முன்னால் ஏறினார். அன்றைய குறிப்பு: 'படி 71 முதல் 90 வரை தாமதம். காரணம்: பக்தி.'

அன்றுதான் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெஞ்சுக்காரன் பார்த்துவிட்டான். அம்மையார்குப்பத்தில் நெசவு செய்யும் வீட்டுப் பையன். தினமும் பஸ்ஸில் வருகிறவன்.

"இன்னாபா, முருகனுக்கு இங்கிலீஷ்ல அர்ச்சனை பண்ணிகினு கீறே?"

"பௌதிகம் படிக்கிறேன். படிக்கு ஒரு வாக்கியம்."

"ஆங். நூத்தி இருவதாவது படியில இன்னா இருக்குது, சொல்லு பாக்கலாம்."

நான் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கினேன்.

"கீழருந்து வராத. நேரா அத சொல்லு."

"வரிசையாத்தான் வரும்."

"அப்ப பரிச்சைக்கு மலையையும் தூக்கிகினு வந்துடு."

நாட்குறிப்பில் அவனைப் பற்றி எழுதினேன்: 'முறையான படிப்பின் அருமை அறியாதவன்.' தன்னாய்வில் அன்று எனக்கு ஒன்பது.

காலாண்டுத் தேர்வு வந்தது. பௌதிகத் தாளின் முதல் கேள்வி ஆங்கிலத்தில் ஒரு முழு வரி. அப்படி ஒரு வாக்கியம் என் எந்தப் படியிலும் இல்லை. சூடாக்குவது என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. போதும் என்று அடிவாரத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். பெஞ்சுக்கடியில் கால்கள் மாறி மாறி எழுந்துகொண்டிருந்திருக்கின்றன. மேற்பார்வைக்கு வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "வெளிய போகணுமாப்பா?" என்று கேட்டார். மணி அடித்தபோது நூற்று முப்பத்தெட்டாவது படியில் இருந்தேன். இரண்டாவது கேள்வியைப் படிக்கக்கூட இல்லை.

நூற்றுக்கு நான்கு. விடைத்தாளில் சிவப்பு மையில் இரண்டு குறிப்புகள்: 'கையெழுத்து அழகு. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.' நாட்குறிப்பில் முதலாவதை மட்டும் படியெடுத்தேன்.

நைனாவிடம் மறைக்க முடியவில்லை. வண்டியில் எரு ஏற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு கேள்வித்தாளை வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

"இன்னா கேட்டுகிறான்? தமிழ்ல சொல்லு."

அந்த வரியை முதல்முறையாகச் சொல் சொல்லாகப் பிரித்தேன். "வண்டிச் சக்கரத்துக்கு... இரும்புப் பட்டா... மாட்டுறதுக்கு முன்னால... அதை ஏன் சூடு பண்றாங்க?" சொல்லி முடிக்கும் முன்பே என் குரல் இறங்கிவிட்டது.

நைனா வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சித்திரையில இந்தப் பட்டா மாட்டும்போது தண்ணி ஊத்துனது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு ஊத்துன?"

"சூட்டுல பெருசாகி இருக்கும். தண்ணி ஊத்தினா சுருங்கி மரத்தைக் கவ்விக்கும்."

"இத எழுத இன்னா கேடு உனுக்கு?"

முந்நூற்றுப் பதினோரு வாக்கியமும் எதைப் பற்றியவை என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அதைச் சொன்னால் இன்னும் திட்டுவார்.

"எப்ப அரக்கோணம் போகணும் நைனா?" என்று கேட்டேன்.

"நீயா?" என்றார். "தன் கையால செஞ்சதே இன்னான்னு தெரியல. உன்ன தண்டவாளத்துல உட்டா ரயில்ல வர்றவன் கதி இன்னாவுறது? காலேஜிலயே கெட. அங்க உன்னால யாருக்கும் சேதம் இல்ல."

எருக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

திங்கட்கிழமை நான் வழக்கம்போல வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். "உங்க நைனா எப்டி உட்டாரு?" என்று பெஞ்சுக்காரன் கேட்டான். என் திறமையை நன்றாக எடைபோட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார் என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.