சிக்கந்தர் பாய் நோன்பை முறித்த மதியம்

1. சல்லடை

சிக்கந்தர் பாய் நின்றபடியே தூங்கியதை நான் ஒரு காலை நேரத்தில் பார்த்தேன். அவர் நின்றுகொண்டிருந்த இடம் மருந்து ரூம். பட்டாசுக்குள் போகிற பொடிகளைச் சலித்துக் கலக்கும் அறைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நாரணாபுரம் பக்கத்தில் நான் போர்மேனாக இருந்த கம்பெனியில் அந்த ரூமுக்குள் எல்லாரையும் விடமாட்டோம். உள்ளே போகிறவர் செருப்பைக் கழற்றி, சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அங்கே வேகமாக நடக்கக்கூடக் கூடாது.

நான் வாசலருகே போனபோது அவர் கை சல்லடையைப் பிடித்திருந்தது, ஆனால் கண் மூடியிருந்தது. தலை மெல்ல முன்னால் சரிந்து, நிமிர்ந்து, மறுபடியும் சரிந்தது. நான் கூப்பிடவில்லை. திடுக்கிட்டால் கை உதறும், உதறினால் சல்லடை எதிலாவது உரசும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று சிவகாசிக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. அவராகக் கண் திறக்கும்வரை வாசலிலேயே நின்றேன். திறந்தபின் மெதுவாகச் சொன்னேன்.

"பாய், சல்லடைய அப்படியே கீழ வச்சிட்டு வெளிய வாங்க."

வேப்பமர நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. நோன்பு என்றார். ரம்ஜான் முடிந்து மாசக்கணக்காகிறதே என்று கேட்டேன். இது கடமையான நோன்பு இல்லை, தானாக வைக்கிறது என்றார். கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்ததில், தினமும் வைக்கிறார் என்று தெரிந்தது. பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் கிடையாது. இரவில் எழுந்து விடியும்வரை தொழுகை. தூக்கம் என்பது பஸ்ஸில் வரும்போது தூங்குவதுதான்.

அவர் எங்களிடம் வந்தது அந்த சீசன் தொடக்கத்தில். அதற்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் இதே வேலை. அவர் அங்கிருந்து விலகி வந்த கொஞ்ச நாளில் அந்த மருந்து ரூம் வெடித்தது. அவர் நின்ற இடத்தில் நின்று வேலை பார்த்த கருப்பசாமி என்பவர் இறந்துபோனார். நோன்பு அன்று தொடங்கியதுதான். தன்னைக் காப்பாற்றிய அல்லாவுக்கு எவ்வளவு நன்றி செலுத்தினாலும் போதவில்லை என்றார்.

2. முதலாளியும் மேஸ்திரிகளும்

மருந்து கலக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. எங்கள் முதலாளி கோயில் காரியம் என்றால் எதையும் விட்டுவிட்டு நிற்கிறவர். இருக்கன்குடி கோயிலுக்கு வருஷம் தவறாமல் நடந்தே போவார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பக்தியான ஆளு நம்ம கம்பெனில இருக்கிறது நமக்குத்தான் நல்லது. அவருக்கு ஒண்ணும் வராது. நீங்க தொந்தரவு பண்ணாதீக" என்றார்.

சாமி காப்பாற்றும் என்பதை நானும் நம்புகிறவன்தான். ஆனால் தூங்கி விழுகிற ஆளை மருந்து ரூமில் விட்டுவிட்டுச் சாமியிடம் பொறுப்பை ஒப்படைக்க என்னால் முடியாது. பக்கத்து ரூம்களில் வேலை பார்க்கிற பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலாளி, உங்கள் இஷ்டம் என்று எழுந்து போனார்.

மறுநாள் சிக்கந்தர் பாயைப் பேக்கிங் செக்ஷனுக்கு மாற்றினேன். பதினைந்து வருஷமாக மருந்துக் கை என்று பெயர் வாங்கியவரைப் பெட்டி ஒட்டப் போட்டால் எப்படி இருக்கும்? அவர் என்னிடம் சத்தம் போடவில்லை. நோன்பு வைப்பதற்குத் தண்டனையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை பாய், தூங்காததற்கு என்றேன். அவர் அதை நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் மேஸ்திரிகள் மத்தியில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. பாயைத் தொழ விடாமல் போர்மேன் ஓரம்கட்டுகிறார் என்று ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். அந்தப் பேச்சு ஊருக்குள் போனால் எங்கே போய் முடியும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

3. கேட்டில் வந்து நின்றவர்

அதற்கடுத்த நாள் மதியம் கம்பெனி கேட்டில் ஒரு அம்மா வந்து என்னைக் கேட்பதாக வாட்ச்மேன் சொன்னார். சிக்கந்தர் பாயின் மனைவி ரஹ்மத். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பதில்களைத் தயார் செய்துகொண்டே போனேன்.

அவர் எடுத்த எடுப்பிலேயே எனக்கு நன்றி சொன்னார்.

வீட்டில் நடப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். பாய் யாரோடும் பேசுவதில்லை. கல்லூரியில் படிக்கிற மகள் போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தொழுகை விரிப்பில்தான். நோன்பு திறக்கிறபோது நாலு வாய் சோற்றோடு எழுந்துவிடுகிறார்.

"கெட்ட பழக்கம்னா சண்டை போடலாம்ண்ணே. தொழுறவுகள எப்படித் தொழாதீகன்னு சொல்ல? சொன்னா எனக்குத்தானே பாவம்? மார்க்கத்துல இதுக்கு என்ன இருக்குன்னு ஹஜ்ரத்துகிட்டக் கேக்கணும். எனக்குத் தனியாப் போகத் தயக்கமா இருக்கு. கண்ணால பாத்தவுக நீங்க, கூட வந்து சொல்லுங்க."

ஹஜ்ரத் என்று அவர் சொன்னது அவர்கள் பள்ளிவாசல் இமாமை. எனக்குள் தயக்கம் இருந்தது. இன்னொருவர் வழிபாட்டு விஷயத்தில் நான் போய் என்ன பேச? ஆனாலும் சாயங்கால அசர் தொழுகை முடிகிற நேரத்துக்கு இருவரும் போய் வாசலில் நின்றோம்.

ஹஜ்ரத் வயதானவராக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மருந்து ரூமில் நான் பார்த்ததை முழுவதும் கேட்டார்.

பிறகு சொன்னார். நபிகள் நாயகத்தின் காலத்தில் மூன்று பேர் தங்கள் வணக்கம் போதாது என்று நினைத்தார்களாம். ஒருவர் இனி இரவெல்லாம் தொழுவேன் என்றார். ஒருவர் தினமும் நோன்பு வைப்பேன் என்றார். ஒருவர் கல்யாணமே வேண்டாம் என்றார். நாயகம் அவர்களைப் பாராட்டவில்லை. நான் தொழவும் செய்கிறேன், தூங்கவும் செய்கிறேன், நோன்பு வைக்கிறேன், விடவும் செய்கிறேன், குடும்பமும் நடத்துகிறேன், இதுதான் என் வழி என்று திருத்தினாராம். எங்கள் மார்க்கத்தில் சாப்பாட்டுக்கும் செலவுக்கும் மட்டுமல்ல, வணக்கத்துக்கும் வரம்பு உண்டு என்றார் ஹஜ்ரத்.

எனக்கு அது புதிது. பக்தி என்றால் கூடக் கூட நல்லது என்றுதான் நான் வளர்ந்திருந்தேன். ஒரு இமாம் தன் வாயால், குறைத்துக்கொள் என்று சொல்வார் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ரஹ்மத் அழுதுகொண்டிருந்தார். ஹஜ்ரத் அவரிடம், "ஞாயித்துக்கிழமை மதியம் உங்க வீட்டுல எனக்கு விருந்து. போர்மேனும் வரட்டும். வேற எதுவும் அவர்கிட்டச் சொல்ல வேண்டாம்" என்றார்.

4. விருந்து

ஞாயிறு மதியம் போனோம். சின்ன வீடு. பாய்க்கு என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் வாசலுக்கு வந்து, வாங்க போர்மேன் என்று கூப்பிட்டார். ரஹ்மத் நெய்ச்சோறும் கறிக்குழம்பும் செய்திருந்தார். பாய் எங்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார், தட்டை வைத்தார், தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஹஜ்ரத் கையைத் தட்டில் வைக்கவில்லை. நீங்கள் சாப்பிடவில்லையா என்று கேட்டார். நோன்பு என்றார் பாய்.

"அப்ப நீங்க சாப்பிடுற வரைக்கும் நானும் சாப்பிடப் போறதில்ல."

நானும் கையை எடுத்துக்கொண்டேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. ரஹ்மத் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தானாக வைக்கிற நோன்பை விருந்தாளிக்காக விடலாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், அது உங்களுக்கே தெரியும் என்றார் ஹஜ்ரத். பாய் அசையவில்லை.

"படைச்சவனுக்கு உங்க மேல உரிமை இருக்கு பாய். உங்க உடம்புக்கும் இருக்கு. ரஹ்மத்துக்கு இருக்கு, உங்க மகளுக்கு இருக்கு. வீடு தேடி வந்தவனுக்கும் இருக்கு. அவங்கவங்க உரிமைய அவங்கவங்களுக்குக் கொடுக்கணும். ஒருத்தர் பங்கை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டு அதை நன்மைன்னு சொல்ல முடியாது."

பாய் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிஸ்மில்லா சொல்லி ஒரு கவளம் வாயில் வைத்தார். மெல்லும்போதே உடம்பு குலுங்க ஆரம்பித்துவிட்டது. நாங்கள் அவரைப் பார்க்காததுபோலச் சாப்பிடத் தொடங்கினோம்.

சாப்பிட்டு முடித்தபின் அவராகவே பேசினார்.

"அங்கன இருந்து கெளம்புறப்ப, என் எடத்துக்கு யாரைப் போடன்னு கேட்டாக. நான்தான் சொன்னேன். எனக்குக் கையாளா நின்ன கருப்பசாமியப் போடுங்க, பதனமான கைன்னு. அவன் சந்தோசமா வந்து என் கையப் பிடிச்சான்."

இதை ரஹ்மத்திடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. காப்பாற்றியதற்கு நன்றி என்று என்னிடம் சொன்னதெல்லாம் மேல்பூச்சுதான் போலும்.

கருப்பசாமி வீட்டுக்குப் போனீர்களா என்று ஹஜ்ரத் கேட்டார். பாய் இல்லையென்று தலையசைத்தார். ஹஜ்ரத் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"இவ்வளவு நோன்பு உங்களுக்கு முடிஞ்சிருக்கு. அந்த ஒரு வாசப்படி முடியல. அப்ப அதுதான் முதல்ல செய்ய வேண்டியது."

தானாக நோன்பு வைக்க ஆசைப்பட்டால் மாசத்தில் மூன்று நாள் போதும், அதுவும் மருந்து ரூமுக்குப் போகாத நாளாகப் பார்த்து வையுங்கள், இரவில் தூங்கிவிட்டுக் கடைசி நேரத்தில் எழுந்து கொஞ்சம் தொழுங்கள், தினமும் செய்ய முடிகிற கொஞ்சம்தான் அல்லாவுக்குப் பிரியம் என்று சொல்லிவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

5. தாயில்பட்டி

அடுத்த ஞாயிறு பாய் என்னைக் கூட வரச் சொன்னார். கருப்பசாமி வீடு தாயில்பட்டியில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் கால் பின்வாங்கியது. டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். அதை அவர் குடித்ததே எனக்குத் தெம்பாக இருந்தது.

கருப்பசாமியின் மனைவி மாரீஸ்வரி எங்களைப் பார்த்ததும் கோரைப்பாயை விரித்தார். சிக்கந்தர் பாய் உட்காராமல் நின்றபடியே, நான்தான் அவனை என் இடத்தில் போடச் சொன்னேன் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா என்ன செய்யப்போகிறாரோ என்று பார்த்தேன்.

"தெரியும்ண்ணே. அவுக அன்னைக்கே வந்து சொன்னாக. சிக்கந்தர் அண்ணன் என்னையத்தான் சொன்னாருன்னு அம்புட்டு பெருமை. அவுக போனப்ப ஊரே வந்து துட்டி கேட்டுட்டுப் போச்சு. நீங்க வருவீகன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

சிக்கந்தர் பாய் கீழே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

மாரீஸ்வரி அவரிடம் ஒன்று கேட்டார். மருந்து ரூம் பக்கம் வீட்டு ஆட்களையெல்லாம் விடமாட்டார்களாம். தன் புருஷன் வேலையில் நிற்கும்போது எப்படி இருப்பார் என்று அவர் பார்த்ததே இல்லை. கூட நின்றவர் நீங்கள், அதைச் சொல்லுங்கள் என்றார்.

சிக்கந்தர் பாய் சொன்னார். கருப்பசாமி பொடியைத் தொடுவதற்கு முன் உடம்பு மின்சாரம் இறங்கத் தரையில் இரண்டு கையையும் பதிப்பது, மின்னலுக்குப் பயந்து மேகம் கறுத்ததுமே முதல் ஆளாக வெளியே வந்து நிற்பது, வேலை முடிந்ததும் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பது. நடுவே அந்த அம்மா சிரித்தார். அழவும் செய்தார். வெயில் சாய்கிறவரை பாய் பேசினார். அத்தனை பேச்சு அவரிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மகளிடமிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசினார்.

ஒரு வாரம் பார்த்தேன். கண் தெளிந்தது. பிறகு மருந்து ரூமுக்கு அனுப்பினேன். அடுத்த ரம்ஜான் வந்தபோது நான் வாய் திறப்பதற்கு முன்பே, இந்த மாசம் என்னைப் பேக்கிங்கில் போடுங்கள், கடமையை விடமாட்டேன், மற்றவர்கள் உயிரோடும் விளையாட மாட்டேன் என்றார். மேஸ்திரிகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதன்பிறகு என்னைப் பற்றிய பேச்சும் அடங்கியது.

இப்போது போர்மேன் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மருந்து ரூமுக்கு ஆள் அனுப்பும்போது கையை மட்டும் பார்க்காதீர்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா, வீட்டில் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மனுஷன் எதையாவது அளவுக்கு மீறிச் செய்தால், அது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும், செய்யாமல் விட்ட ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கலாம். குற்றம் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த டிரெயினிங்கும் இல்லை. ஆறிப்போன நெய்ச்சோற்றுக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்த ஹஜ்ரத்தும், பாவம் வந்துவிடுமோ என்ற பயத்தோடேயே கம்பெனி கேட்டைத் தேடி வந்த ரஹ்மத்தும்தான்.