எடின்பரோவிலிருந்து வந்த தோல்பை

சிவபாதம் அண்ணன் போய்விட்டார் என்று, அவரோடு வேலை பார்த்த டன்கன் தொலைபேசியில் சொன்னபோது, யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். டன்கனின் ஸ்காட்லாந்து ஆங்கிலம் நேரில் கேட்டாலே எனக்குப் பாதிதான் விளங்கும். "எந்த விமானத்தில்?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். பிறகு அவர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். மெல்போர்ன் புறநகரான டண்டினொங்கில் காலை வேலைக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

மெல்போர்னில் உள்ள நம் தமிழ்ச் சங்கத்தினர் பலருக்கு அவர், பொங்கல் கூட்டம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டு நிற்கும் மனிதர். சங்க இதழில் அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்த பிறகுதான், ஐந்து வருடப் பழக்கத்தில் அவரை நான் சரியாகப் புரிந்துகொள்ளவே இல்லை என்று தெரிகிறது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு நான் இந்த நாட்டுக்கு வந்தபோது டண்டினொங்கில் பயணப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எனக்குப் பெட்டி கட்டி அனுப்பும் பகுதி. சிவபாதம் அண்ணனுக்குத் தோல் வெட்டும் மேசை. அந்த மேசைக்குத் தலைமை டன்கன். முதல் வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் அவர் எதிரே போய் உட்கார்ந்தார். டன்கன் தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒன்றும் நடக்காததுபோலப் புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அதன்பின் இரண்டு வருடம் அந்த இருவரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட டன்கனுக்குத்தான் அவர் அந்தப் பையைத் தைத்தார்.

ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷங்களுக்குக் கில்ட் என்ற கட்டம்போட்ட, முழங்கால்வரையான பாவாடை கட்டுவார்கள். அதில் பாக்கெட் கிடையாது. அதனால் இடுப்பிலிருந்து முன்பக்கம் ஒரு தோல்பை தொங்கும். ஸ்போரன் என்று அதற்குப் பெயர். டன்கனுக்கு அவர் அப்பா கொடுத்த ஸ்போரன் கப்பலில் வரும்போது தொலைந்துபோனது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். ஒருநாள் வெட்டும் மேசையில் சுண்ணக்கட்டியால் அந்தப் பையை வரைந்து, இதைச் செய்ய முடியுமா என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் அதற்கு முன் அப்படி ஒன்றைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. முடியும் என்று சொல்லிவிட்டார்.

அப்போது நானும் அவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் மீன், மாமிசம் தொடாத சைவர். தோலை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். பின்பக்கம் துணி துவைக்கும் கொட்டகையில்தான் தையல். பசுத்தோலை ஊறவைத்து, மரக்கட்டை ஒன்றின் மேல் இழுத்து ஆணியடித்துக் காயவிட்டு, பைக்கு வயிறு வரவைப்பார். குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் இழுப்பார். வேலை முடிந்ததும் அந்தக் குளிரில் குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் சமையலறைக்குள் கால் வைப்பார். முதல் பையின் மூடி கோணலாகப் போனது. இரண்டாவதில் சாயம் திட்டுத்திட்டாக இறங்கியது. இரண்டையும் துண்டு துண்டாக வெட்டிப்போட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தாளு உங்க எதிர்ல உக்காந்து சாப்பிடக்கூட மாட்டேன்னவரு. அவருக்கு எதுக்குண்ணே இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"அவர் கேட்டவர். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அதுக்காக?"

"தம்பி, இந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டப் பிடியும். தையல் நேராய் வருதோ எண்டு பாப்பம்."

இன்னொரு நாள் கேட்டபோது, "ஒரு சாமானைத் துவக்கத்தில இருந்து கடைசி மட்டும் நானே செய்து பாக்கவேணும் எண்டு ஒரு ஆசை" என்றார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

மூன்றாவது பை நன்றாக வந்தது. கருஞ்சிவப்பு நிறம், பித்தளைக் கொக்கி, மூன்று தோல் குஞ்சங்கள். கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் டன்கன் அழைத்திருந்தார். தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் கடைசி வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். உறவினர் ஒருவர் டன்கனின் இடுப்பைக் காட்டி, இவ்வளவு அழகான ஸ்போரன் எங்கே கிடைத்தது என்று கேட்டார். எங்களுக்கு நான்கடி தூரத்தில் நின்றுகொண்டு டன்கன் சொன்னார்: "எடின்பரோவிலிருந்து என் சித்தப்பா அனுப்பினார்."

சொன்ன பிறகுதான் எங்களைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது. சிவபாதம் அண்ணன் எழுந்து, அந்த உறவினரிடம் ஆங்கிலத்தில், "மிக நல்ல வேலைப்பாடு" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் நான் கத்தினேன். இத்தனை மாதம் விரலெல்லாம் குத்துப்பட்டுத் தைத்ததை இன்னொருவன் பெயரில் விட்டுக்கொடுக்க வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். "அது எடின்பரோவிலயே இருக்கட்டும் தம்பி" என்றார். அவர் கோழை என்று அன்று நினைத்தேன். அடுத்த வருடம் நான் வேறு தொழிற்சாலைக்கு அதே பெட்டி கட்டும் வேலைக்கு மாறி, நகரின் மறுபக்கம் சன்ஷைனில் குடிபோனேன். அதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

இந்த மார்ச்சில் அவரை எரியூட்டிய அன்று டன்கன் கில்ட் கட்டி, அந்தப் பையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நம்மவர்களில் சிலர் இது என்ன கோலம் என்று முணுமுணுத்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தேவாரம் பாடி முடியும்வரை அவர் வாசலிலேயே நின்றார். பிறகு என்னிடம் வந்து, சனிக்கிழமை வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். போனேன். மேசைமேல் வெள்ளைத்தாள் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணனின் மனைவிக்குத் தான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுத வேண்டும் என்றார்.

"இந்தப் பையை உங்கள் கணவர் தன் கையால் செய்தார். நான் எல்லோரிடமும் பொய் சொன்னேன். மறுநாளே அவரிடம் போய், எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை."

என் பேனா நின்றுவிட்டது. ஒருநாள் அண்ணன் என்னிடம் கழுத்துப்பட்டி இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, தொழிற்சாலையின் அலுவலகக் கதவுக்கு முன்னால் நின்று, ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தவன் நான். அவர் அலுவலகத்தில் கிளாக்கர் வேலை பார்ப்பதாகத்தான் வீட்டில் நினைத்திருந்தார்கள். தோலைத் தொடும் வேலையை இழிவென்று ஒதுக்கி, அதைச் செய்கிறவர்களையும் ஒதுக்கிவைத்த குடும்பத்தில் பிறந்தவர். எடின்பரோ என்ற பொய் டன்கனைவிட அவருக்குத்தான் தேவைப்பட்டதா? அப்படியானால் மூன்று முறை தைத்தது ஏன்? வெட்கப்படுகிறவர் அப்படித் தைப்பாரா?

அவர் மறைத்ததை நான் உடைக்கலாமா என்று தெரியவில்லை. டன்கனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், "அந்தம்மாவை இன்னும் எத்தனை பேர் ஏமாற்றுவது?" என்றார். எழுதினேன். அண்ணன் தோல் வெட்டும் மேசையில் வேலை பார்த்ததையும் சேர்த்தே அனுப்பினேன்.

போன மாதம் பதில் வந்தது. இங்கே எழுதுவதற்கு அந்த அம்மாவின் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

"தம்பி, நீங்கள் எழுதினதை வாசிச்சு அழுதனான். அவர் செய்த வேலையில எனக்குக் கோவம் இல்லை. இவ்வளவு காலம் என்னட்டைக்கூடச் சொல்லேல்லை எண்டதுதான் கோவம். என்னையும் ஊர்ச்சனத்தோட சேத்துப்போட்டார். அந்தப் பையை ஒரு படம் பிடிச்சு அனுப்புங்கோ. ஆர் கேட்டாலும் காட்டுவன்."

டன்கன் தன் வீட்டுப் புல்வெளியில் கில்ட் கட்டி நின்றார். நான் படம் எடுத்தேன். அந்தம்மாவுக்கு இது ஆறுதலா, இன்னொரு வலியா, தெரியவில்லை.

அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் மனைவி எழுதிய அந்த ஒரு வரிதான். "என்னையும் ஊர்ச்சனத்தோட சேத்துப்போட்டார்." அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கரூரில் இருக்கும் என் அப்பா, மகன் பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். நேற்று வேறொரு கடிதம் எழுதினேன். பெட்டி கட்டுகிறேன் அப்பா, ஐந்து வருடமாக அதைத்தான் செய்கிறேன் என்று. அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. தபாலில் போட்டுவிட்டேன்.