என் சிஞ்ஞோராவுக்கு எதிரே தூக்கிய கை

நேற்றுப் பின்னேரம் பள்ளிக்கூடச் சபையில் கை தூக்கினேன்.

தலைவர் நாற்காலியில் இருந்தவர், நான் வேலை செய்கிற வீட்டின் இத்தாலிய எசமானி, என் சிஞ்ஞோரா.

வேலையால் வந்த கையோடு எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். (ஆறுதலாக எழுதினாலும் இருக்கும்.)

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கு இரண்டு கட்டடங்கள். ஒன்று வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பக்கத்தில். மற்றது நாங்கள் குடியிருக்கிற பிரான்காச்சோவில். அதிபர் ஒருவர், சபையும் ஒன்று.

ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பு. கட்டடமும் சாப்பாடும் நகரசபை, அதாவது கொமூனேயின் பொறுப்பு. வருகிறதை எந்தக் கட்டடத்துக்குக் கொடுப்பது என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் இருக்கிற சபை தீர்மானிக்கும்.

இரண்டு கட்டடத்திலும் இதுவரை சாப்பாட்டு அறை இல்லை. இந்த முறை ஒரேயொரு அறைக்குத்தான் பணம் வந்தது.

சாப்பாட்டு அறை உள்ள கட்டடத்தில் பிள்ளைகள் பின்னேரம் வரை படிக்கலாம். இல்லாத கட்டடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானத்தோடு வீடு.

என் மகள் ஜெனி படிப்பது பிரான்காச்சோவில். சிஞ்ஞோராவின் இரண்டு பிள்ளைகளும் மக்வேதாப் பக்கம்.

நான் சபைக்கு எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றபோது தமிழ்த் தாய்மார் எல்லோரும் சேர்ந்து என்னைத் தள்ளிவிட்டார்கள். (தள்ளியவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும்.) நான் தெரிவானபோது சிஞ்ஞோரா கேக் வாங்கி வந்து வெட்டினார். நல்ல மனுஷி. அதுதான் கஷ்டமே.

கூட்டத்துக்குப் புறப்படும்போது என் கணவர் வாசலில் நின்றார்.

"நீர் பேசாமல் இருந்திட்டு வாரும். அவ வேலையால நிப்பாட்டினா பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க என்னத்தைக் காட்டுறது?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போய் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைக் கேட்க முடியாது. பஸ்ஸில் வழி முழுக்க அதையேதான் நினைத்தேன்.

கூட்டத்தில் முதலில் அதிபர் தேசியப் பரீட்சை முடிவுகளை வாசித்தார். எங்கள் கட்டடம் கீழே. மக்வேதாக் கட்டடம் மேலே. உடனே ஒரு தகப்பன், நன்றாகப் படிக்கிற இடத்துக்குக் கொடுத்தால்தான் பலன் தெரியும் என்றார். எங்கள் கணக்கு ரீச்சர், மத்தியானத்தோடு அனுப்பிவிட்டுப் புள்ளியை மட்டும் எப்படி எதிர்பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். குரல்கள் உயர்ந்தன.

சிஞ்ஞோரா மணியைத் தட்டி, வேறு யாருக்கும் பேச இருக்கிறதா என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஜெனியைப் பக்கத்து வீட்டு மொரீஷியஸ் அக்கா பள்ளியிலிருந்து கூட்டி வருவார். பிறகு அவரும் வேலைக்குப் போய்விடுவார். நான் வரும்வரை பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு தனியே இருக்கும். அதை என் உடைந்த இத்தாலியனில் சொன்னேன்.

"அந்த நேரம் நீங்க எங்க?" என்று அந்தத் தகப்பன் கேட்டார். அவர் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"வேலையில. வேற பிள்ளையளுக்குச் சாப்பாடு சூடாக்கிக் குடுத்துக்கொண்டு நிப்பன்."

யாருடைய பிள்ளைகள் என்று சொல்லவில்லை. சிஞ்ஞோரா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்கெடுப்பு. பிரான்காச்சோவுக்குக் கை தூக்கினேன். அதிபர் எண்ணிவிட்டு இன்னொரு தடவையும் எண்ணினார். இரண்டு பக்கமும் சமம். தலைவர் மட்டும்தான் பாக்கி.

சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார்.

அவர் மக்வேதாவுக்குக் கை தூக்கினார்.

தோற்றுவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் இரண்டையும் சொன்னேன், தோற்றதையும் கை தூக்கியதையும். அவர் சோற்றைப் போட்டுத் தந்தார்.

இன்று காலை வேலைக்குப் போனேன். நிற்பாட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சிஞ்ஞோரா கோப்பி போட்டு வைத்துக்கொண்டு சமையலறையில் காத்திருந்தார். மக்வேதாக் கட்டடத்துப் பெற்றோர்தான் தன்னைத் தெரிவு செய்தவர்கள், வேறு மாதிரித் தூக்க முடியவில்லை என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஜெனியை மத்தியானம் இஞ்சை கூட்டிக்கொண்டு வாவன். என்ரை பிள்ளையளோட சாப்பிடட்டும்."

உண்மையைச் சொல்கிறேன், ஓம் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. மேசையில் ஜெனி உட்கார்ந்து சாப்பிடுவது கண்ணுக்குள் தெரிந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

"சிஞ்ஞோரா, ஜெனி இஞ்சை வந்தா சாப்பிடுவாள். அவளின்ரை வகுப்பில இருக்கிற மற்றப் பிள்ளையள் எங்கை போறது?"

அவர் கோப்பிக் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனார். நான் எழுந்து யன்னல்களைத் துடைக்கத் தொடங்கினேன். துடைத்த யன்னலையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

நான் வெளிக்கிடும் நேரம் அவர் கதவடிக்கு வந்தார். பிரான்காச்சோவுக்கும் ஒரு சாப்பாட்டு அறை தரவேண்டும் என்று கொமூனேயைக் கேட்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் தானே முன்வைக்கப் போவதாகச் சொன்னார். கொமூனே தருமா என்று தெரியாது, ஆனால் கேட்பேன் என்றார்.

"உங்கடை ஆக்களையும் வரச்சொல்லு. ஆருமில்லாத கூட்டத்தில இருந்து கேட்டா, ஆருக்கும் தேவையில்லை எண்டுதான் கொமூனேக்காரர் நினைப்பினம்."

வேலை இருக்கிறது. சாப்பாட்டு அறை இன்னும் இல்லை. ஜெனி இன்றும் கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பெற்றோர் யாரும் வந்து அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம், அது நம் உரிமை. நேற்று பார்க்க நம்மவர் ஒருவரும் வரவில்லை.

என்னைத் தள்ளிவிட்டவர்களே, என் பின்னால் வந்து உட்கார உங்களில் எத்தனை பேர் வருவீர்கள்?